அம்மா டை அடிக்கணும்னு கேட்டாங்க, எங்களுக்கு ஏன் இத்தனை கோபம்?

திருமங்கலத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் மதுரையில், பசுமலைப் பக்கம். போன ஞாயிறு எல்லோரும் அம்மா வீட்டில் கூடி, பத்திரிகைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல், "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் தலைக்கு டை அடிச்சுவிடுறீங்களாப்பா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 71 வயது. எண்ணெயும் சீயக்காயும் தவிர வேறு எதுவும் அந்தத் தலையில் பட்டதில்லை.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேத்தி கல்யாணத்துல பாட்டிக்கு எதுக்கு டை? பாக்குறவுங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். மதினி சிரித்தார். நான் பத்திரிகையில் பேர் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனவர்தான், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு 76. இருபது வருடத்துக்கு மேலாக டை அடிக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மீசைக்கும் முன்மண்டைக்கும் அவரே அடித்துக்கொள்வார். பின்மண்டைக்கு அடித்துவிடுவது அம்மா. வேலை முடிந்தால் அம்மாவின் நகக்கண் எல்லாம் கறுப்பாக இருக்கும், நாலைந்து நாளைக்குப் போகாது. இத்தனை வருடத்தில் அப்பாவிடம் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டதும் வீடே முறைக்கிறது.

மனிதர்கள் ஏன் தோற்றத்தை மாற்றிக்கொள்கிறார்கள்? அதில் நமக்கு என்ன வலிக்கிறது? அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள்.

சிம்மக்கல் சலூன்:
அண்ணே, 27 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டை அடிக்க வருகிறவர்களில் இளமையாகத் தெரியணும் என்று வாயால் சொல்கிறவர் ரொம்பக் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து துண்டைப் போட்டதும், கேட்காமலே காரணம் வந்துவிடும். "நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்." "புது மேனேஜர் வந்திருக்கான், என்னையப் பெருசு பெருசுங்கிறான்." "பேரனைப் பள்ளிக்கூடத்துல விடப் போனா வாட்ச்மேன்னு நெனைக்கிறாங்க." இப்படித்தான்.

ஒருவரை மறக்க முடியாது. கட்டடத்தில் சித்தாள் வேலை. அறுபதை நெருங்கியவர். காலையில் ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றால், மேஸ்திரி முதலில் பார்ப்பது தலையைத்தான். வெள்ளைத் தலை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவார். மீசையை விட்டுவிடுங்கள், தலைக்கு மட்டும் போதும், தலைப்பாகைக்கு வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் போதும் என்பார், காசு கம்மியாகும் என்று. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். மூன்றாவது வாரம் காதோரம் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு அவருக்குக் கூலி போகிற கோடு. அவரிடம் போய் இது வீண் ஆசை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் அம்மாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். கேட்டீர்களா?

மேலவாசல்:
இந்த இழையில் எல்லோரும் டைக்குப் பரிந்து பேசப் போகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு உடன்பாடு இல்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு 31 என்றார்கள். கருகருவென்று முடி. கல்யாணம் ஆகி மூன்றாவது வாரம் காதோரம் வெளுத்தது. விசாரித்தால் வயது 40. என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து நடையில் உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தோற்றத்தை மாற்றுவது ஏமாற்றுவேலைதான். நரைத்தால் நரைத்தபடி இருக்கட்டுமே, அதில் என்ன அசிங்கம்?

மேலூர்க்காரி:
மேலவாசல் தம்பி, உங்கள் தங்கச்சிக்கு நடந்தது அநியாயம். ஆனால் அவரை ஏமாற்றியது டை இல்லை. வயதைக் குறைத்து எழுதிய ஜாதகமும், அதைத் தெரிந்தே கொண்டுவந்த தரகரும்தான். முடி வெள்ளையாகவே இருந்திருந்தாலும் "இளநரை" என்று ஒரு பொய் சொல்லியிருப்பார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு 43. அந்த ஒரு வருடத்தில் தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. அடக்கம் முடிந்த வீட்டில் பூவையும் பொட்டையும் எடுத்தார்கள். அது நான் கேட்காமலே என் தோற்றத்தை மற்றவர்கள் மாற்றியது. அதற்கு யாரும் "ஏன் மாத்துறீங்க" என்று கேட்கவில்லை பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, சேலையைத் தோளில் போட்டுக் காட்டணும். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு டை பாக்கெட் வாங்கி, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பாத்ரூமில் அடித்துக்கொண்டேன். கை நடுங்கியது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "யாருக்குக் காட்டப் போறா?" என்றாள், என் காதில் விழுகிற மாதிரியே.

யாருக்கும் இல்லை. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கண்ணாடியில் பார்த்த முகம் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது. என் முகத்தையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிடச் சொன்னது போலத்தான் அந்த ஊர்ப்பேச்சு இருந்தது. 9 வருடம் ஆகிறது. இன்றைக்கும் அடிக்கிறேன்.

திருமங்கலத்தான் தம்பி, அம்மாகிட்ட கோவிச்சுக்காதீங்க. முதலில் கேளுங்கள்.

உசிலை இளவல்:
எனக்கு 24 வயது. 17ல் நரைக்க ஆரம்பித்தது. பிளஸ் டூவில் பட்டப்பேரே "தாத்தா". பயலுகள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள், நான் ராத்திரி கத்தரிக்கோலால் ஒவ்வொரு வெள்ளை முடியாக வெட்டினேன். ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது முளைக்கும் என்று அம்மாச்சி சொன்னதால் பிடுங்கப் பயம். 18ல் இருந்து டை. நேர்முகத்தேர்வு என்றால் முதல் நாள், கல்யாண வீடு என்றால் முதல் நாள். இதில் என்ன ஏமாற்று இருக்கிறது அண்ணே? என் உண்மையான வயது மாதிரி தெரியத்தான் அடிக்கிறேன்.

தோல்பிரிவு செவிலி:
மருத்துவமனைத் தோல் பிரிவில் பல வருடம் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருக்குப் பதில்.

உசிலைத் தம்பிக்கு: பிடுங்கினால் ஒன்பது முளைக்காது. ஒரு முடிக்குழியில் நிறம் தயாரிக்கும் செல்கள் ஓய்ந்துபோனால் அந்தக் குழியில் வரும் முடி வெளுக்கும், பக்கத்துக் குழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் பக்கத்தில் 25 வயதுக்கு முன்னால் நரைத்தால் இளநரை என்று எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பரம்பரை. ஆனாலும் பி12, தைராய்டு, இரும்புச்சத்து மூன்றையும் ஒரு தடவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் அதைச் சரிசெய்வது உடம்புக்கும் நல்லது. சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கும் இளநரைக்கும் தொடர்பு உண்டு.

திருமங்கலத்தான் சார், உங்கள் பதிவில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. அம்மா அப்பாவுக்கு அடித்துவிடுவது வெறுங்கையாலா? விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, தோல் உரிவது ஏதாவது உண்டா?

திருமங்கலத்தான்:
வெறுங்கைதான் சிஸ்டர். விரல் நுனி வெடிப்பு ரொம்ப நாளாக இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்.

தோல்பிரிவு செவிலி:
அப்படியென்றால் அம்மாவுக்கு டை அடிக்க வேண்டாம், பொறுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். கறுப்பு டையில் பெரும்பாலும் பி.பி.டி. இருக்கும், முழுப் பெயர் பாரா-ஃபினைலீன்டையமின். 1907ல் பாரிசில் ஒரு வேதியியலாளர் செயற்கை டை தயாரித்து விற்க ஆரம்பித்த காலத்தில் இருந்து இந்த வகைப் பொருள்தான் முடிச்சாயத்துக்கு அடிப்படை. அதற்குத் தானாக நிறம் இல்லை. கூடக் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து முடிக்குள் புகுந்து, அங்கே பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. அம்மோனியா இல்லை என்று அட்டையில் போட்டிருந்தாலும் பி.பி.டி. இருக்கலாம், சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சிலருக்கு இது படப்பட உடம்பு இதை எதிரியாகப் பழகிவிடும். பத்து வருடம் ஒன்றும் செய்யாமல், பதினோராவது வருடம் ஒரே நாளில் நெற்றி, கண்ணிமை, காது எல்லாம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்களும் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் சின்ன இடத்தில் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போட வேண்டும். கருமருதாணி என்று திருவிழாக் கடைகளில் கையில் வரைகிறார்களே, கறுப்பாக உடனே பிடிப்பது, அதிலும் இதே பொருள் இருக்கக்கூடும். பிள்ளைகளுக்குப் போட விடாதீர்கள்.

சிம்மக்கல் சலூன்:
சிஸ்டர் சொல்வது சத்தியம். நானே கையுறை போடாமல் ஆரம்ப காலத்தில் அடித்து, இப்போது டை கிண்ணத்தைத் தொட்டாலே கை தடிக்கிறது. என் தம்பிதான் டை வேலை முழுக்கப் பார்க்கிறான். வருகிறவர்களுக்கு நெற்றியோரமும் காதோரமும் வாஸ்லின் தடவிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். 48 மணி நேரச் சோதனைக்கு யாரும் நிற்பதில்லை என்பதும் உண்மை. "நாளைக்குக் கல்யாணம்யா" என்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழய்யா:
ஒரு பழைய செய்தி. நரையைப் பற்றி நம் பாண்டி நாட்டுப் புலவர் ஒருவரிடம் சுமார் 2000 ஆண்டுக்கு முன்பே கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று. புறநானூற்றின் 191ஆம் பாட்டு அதற்கான பதில். நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், நான் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். எண்ணெயையோ மூலிகையையோ சொல்லவில்லை. ஊரைச் சொன்னார்.

முப்பது வருடம் இதை வகுப்பில் நடத்தினேன். மேலூர் அம்மாவின் பதிவைப் படித்த பிறகு இன்று அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. குழாயடியில் அப்படிப் பேசுகிற ஊர் இருந்தால் நரைக்காமல் என்ன செய்யும்? டை அடித்தவரைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஊரைக் கேள்வி கேட்க வேண்டும்.

வைகைக்கரை:
அய்யா ஊரைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். தோற்றத்தை மாற்றுவதில் மதுரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1921 செப்டம்பர் 22, காந்தி சட்டையும் குல்லாயும் விட்டு அரைவேட்டிக்கு மாறியது நம் மேலமாசி வீதி வீட்டில். ரயிலில் வந்தபோது பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார், வாங்க வசதியில்லை என்றார்கள். அது அவரைத் தைத்துவிட்டது. அந்தக் கோலத்தில் அவர் கூட்டத்தில் பேசிய இடத்தைத்தான் இன்றும் காந்தி பொட்டல் என்கிறோம். அந்த மாற்றமும் மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று செய்ததுதான். வார்த்தையால் சொல்ல முடியாததை உடம்பால் சொன்னார்.

சித்திரைத் திருவிழாவில் நான் 11 வருடமாகக் கருப்பசாமி வேடம் கட்டுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தலைப்பாகை கட்டி, தோல்பையைத் தோளில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுவேன். கச்சையை இறுக்கிக் கட்டும்போது உடம்பில் ஒரு மாற்றம் வரும். குனிந்து நடக்கிறவன் நிமிர்ந்து நடப்பேன். என் மகள் அதே ஆற்றங்கரையில் மொட்டை போட்டாள். முடியை இறக்கினால் ஊர் கும்பிடுகிறது. கறுப்பாக்கினால் மட்டும் ஏன் சிரிக்கிறது?

மேலவாசல்:
வேண்டுதலும் டையும் ஒன்றாகுமா? சாமிக்குச் செய்வது வேறு, நமக்குச் செய்வது வேறு. ஆனால் மேலூர் அக்கா எழுதியதைப் படித்தேன். அந்த இடத்தில் நான் பேச ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வயதை மறைப்பது தப்பு என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

மேலூர்க்காரி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் தம்பி.

வாடிப்பட்டிப் பேத்தி:
எங்கள் அப்பத்தாவைப் பற்றி எழுத வேண்டும் போலிருக்கிறது. அப்பத்தா காதில் தண்டட்டி போட்டிருந்தார். சின்ன வயதில் காது குத்தி, பஞ்சைத் திணித்து, அப்புறம் குணுக்கு மாட்டி, கனத்தில் காது இறங்க இறங்க வளர்த்தது. தோளைத் தொடும். நான் மடியில் படுத்து அந்தத் துளைக்குள் நாலு விரலை விட்டு விளையாடுவேன். காது வளர்க்காத பிள்ளையை அந்தக் காலத்தில் கட்டிக்கொள்ள மாட்டார்களாம்.

பெரியப்பா மதுரையில் வீடு கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் பிள்ளைகள் காதையே பார்த்ததாம். பக்கத்தில் ஒரு பாட்டியின் காதை அறுத்துத் திருடிப் போன பேச்சும் வந்தது. தண்டட்டியை அழித்து வளையலாக்கிவிட்டு, ஆசுபத்திரியில் காதை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தார். கட்டுப் பிரித்த அன்று அப்பத்தா கண்ணாடியைப் பார்த்து, "எங்காத்தா பாத்தா என்னைய அடையாளம் தெரியாது" என்றார். அழவில்லை. அப்புறம் சின்னதாக ஒரு கம்மல் போட்டுக்கொண்டு, "இப்ப டவுன்காரி" என்றார்.

ஒரே காது. வளர்த்தபோதும் ஊருக்காக, வெட்டியபோதும் ஊருக்காக. நான் இப்போது முடிக்குச் செம்பழுப்புக் கலர் போட்டிருக்கிறேன். வீட்டில் திட்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் தன் ஆசைக்காகத் தோற்றத்தை மாற்றிய முதல் பெண் நானாக இருக்கலாம் என்று தோன்றும்போது, அந்தத் திட்டு பெரிதாகத் தெரியவில்லை.

திருமங்கலத்தான்:
பத்து நாளாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். நான் தனியாகப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சும்மா கேட்டேன்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் உடம்பு வற்றி, இருந்த கொஞ்சக் கறுப்பும் போய்த் தலை பஞ்சாகிவிட்டது. "விசேஷத்துக்குப் போற எடமெல்லாம், என்னத்தா இப்படி ஆயிட்ட, என்னத்தா இப்படி ஆயிட்டன்னு கேக்குறாக. ஒவ்வொருத்தருக்கா ஆபரேசன் கதையச் சொல்லணும். பிள்ளை கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு மட்டும் சொல்லணும்பா. என் நோவைப் பத்தி யாரும் பேசக்கூடாது."

இவ்வளவுதான் காரணம். இளமையும் இல்லை, அழகும் இல்லை. நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பேர் எழுதிய அன்றைக்கு ஒருத்தராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மறுநாளே தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். முதுகில் சின்னச் சின்ன வட்டமாக மருந்து ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள், நாலாவது நாள் திரும்பப் பார்த்தார்கள். பி.பி.டி. ஒட்டிய இடம் மட்டும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். சோப்பு இல்லை, அப்பாவின் டைதான். 20 வருடம். டாக்டர் சொன்னதும் அப்பா வராந்தாவில் போய் நின்றுகொண்டார். அம்மா அவரைத் தேடிப் போய், "நீங்க என்ன வேணும்னா செஞ்சீக?" என்றது எனக்குக் கேட்டது.

தோல்பிரிவு செவிலி:
நல்ல வேளை. கலரே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மருதாணியும், நீலச் சாயம் தருகிற அவுரி இலையும் முயலலாம். ஆனால் இலைப்பொடி மட்டும் உள்ளதா என்று பாருங்கள். சுத்த மருதாணி சிவப்பைத்தான் தரும். மருதாணி என்று பேர் போட்ட பாக்கெட் அரை மணி நேரத்தில் கறுப்பாக்கினால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

திருமங்கலத்தான்:
டாக்டரும் அதையே சொன்னார். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பொடியும் வாங்கினேன். முதலில் கொஞ்சம் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்தோம், ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை ராத்திரி மருதாணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்து, ஞாயிறு காலை தேய்த்து இரண்டு மணி நேரம் விட்டுக் கழுவினோம். தலை செங்கல் நிறத்தில் வந்தது. அம்மா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அப்புறம் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குழைத்து, பத்து நிமிடம் வைத்துத் தேய்த்தோம். பச்சை இலையை அரைத்த வாசம். கழுவியதும் ஒரு மாதிரி பச்சை கலந்த பழுப்பு. எனக்கே வயிறு கலங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தார். "கறுத்துருச்சுப்பா." அவுரி காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் கறுக்குமாம்.

அண்ணன் நேற்று வந்தார். அம்மா சொன்ன காரணத்தை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அம்மா தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். கிளம்பும்போது, "கல்யாணத்தன்னைக்கு வாசல்ல பன்னீர்ச் செம்பு நீதான் புடிக்கணும்த்தா" என்றார்.

வாடிப்பட்டிப் பேத்தி:
படிக்கும்போதே கண் கலங்குகிறது. அப்பா இனி என்ன செய்கிறார்?

திருமங்கலத்தான்:
டையை விடச் சொல்லவில்லை, அவர் இஷ்டம். ஆனால் வீட்டில் வேண்டாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் சலூனுக்குக் கூட்டிப் போகிறேன். சிம்மக்கல் அண்ணே, உங்கள் கடை ஞாயிறு எத்தனை மணிக்குத் திறக்கும்?

சிம்மக்கல் சலூன்:
ஆறு மணிக்கே திறந்துவிடுவேன் அண்ணே. ஆனால் அப்பாவுக்கும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கணும். வெள்ளிக்கிழமையே ஒரு தடவை கூட்டி வந்துவிடுங்கள்.